இன்னொண்ணு போடு

சாதாரண மீன் தொட்டி வைத்திருப்பவர் வீட்டுக்கு வருகிறவர்கள் "அழகா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வேட்டை மீன் வைத்திருப்பவர் வீட்டுக்கு வருகிறவர்கள் நேராகத் தொட்டிக்குப் போய்விடுவார்கள். குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன சாப்பிடும்?" என்பார்கள். பெயர், வயது, எந்த ஊர் மீன் என்பதெல்லாம் அப்புறம்தான். நான் அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னதே இல்லை, செய்து காட்டிவிடுவேன். ஏறத்தாழ ஒன்றரை வருடம் அப்படிச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் வசதியாகப் பார்க்கட்டும் என்று தொட்டிக்கு நேர் எதிரே ஒரு நாற்காலிகூடப் போட்டிருந்தேன். ஒரு நாள் இரவு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நண்பன் இரண்டு வார்த்தை சொன்னான். சொல்லி மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவனுக்கு ஞாபகம்கூட இருக்காது. எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் துரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

துரை ஒரு ஆஸ்கார் மீன். அமேசான் ஆற்றுப் பக்கத்துக்காரர், சிக்லிட் என்னும் மீன் குடும்பம். வரும்போது என் சுண்டுவிரலைவிடச் சின்னது, 4 செ.மீ. இருந்திருக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் ஆரஞ்சும் நெளிநெளியாக, குழந்தை கிறுக்கிய மாதிரி. மற்ற மீன்கள் ஆள் கிட்டே போனால் ஓடும், இது மட்டும் கண்ணாடிக்கு வந்து கண்ணை உருட்டி என்னைப் பார்த்தது. அதில்தான் விழுந்தேன். "எவ்வளவு பெருசாகும்?" என்று விற்றவரிடம் கேட்டதற்கு, "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதாங்க வளரும்" என்றார். என்னிடம் இருந்தது 60 லிட்டர் தொட்டி. அந்தப் பதில் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்ததால் அது உண்மையா என்று யோசிக்கவே தோன்றவில்லை.

இந்த ஒரு பொய்யால் செத்த மீன்களைக் கணக்கெடுக்க முடியாது. சின்னச் சட்டையாகவே போட்டுவந்தால் பிள்ளை வளராது என்று சொல்வதைப் போல இது. சின்னத் தொட்டியில் மீன் சிறுத்துப்போவது நிஜம்தான், ஆனால் அது தொட்டியை அளந்து பார்த்து நாகரிகமாக நிறுத்திக்கொள்வதில்லை. கழிவு ஏறிய தண்ணீரிலேயே கிடந்து வளர்ச்சி தடைபடுகிறது, முதுகெலும்பு வளைகிறது, ஆயுள் குறைகிறது. ஆஸ்கார் ஒழுங்காக வளர்ந்தால் 30 செ.மீ. வரும், பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். முதல் வருடம் மாதத்துக்கு இரண்டு இரண்டரை செ.மீ. சர்வசாதாரணமாக ஏறும். துரை ஆறாவது மாதத்தில் 18 செ.மீ. தொட்டியின் அகலம் 30. உள்ளே ஒரு முறை திரும்புவதற்கு அவர் பட்ட பாடு, குறுகலான சந்தில் லாரி திருப்புகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் 4 அடி நீளத் தொட்டி வாங்கினேன், கிட்டத்தட்ட 280 லிட்டர். ஒரே ஒரு ஆஸ்காருக்கு அதுதான் குறைந்தபட்சம், தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் மட்டுமே 280 கிலோ, கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 350-ஐத் தாண்டும். நிரப்பிய பிறகு நகர்த்தவே முடியாது என்பது நிரப்பிய பிறகுதான் உறைத்தது. ஜன்னல் வெயில் நேராகத் தொட்டியில் விழுந்து பாசி பிடித்துக்கொண்டிருந்தது. மொத்தத் தண்ணீரையும் இறைத்து, ஒரு அடி தள்ளிவைத்து, மறுபடி நிரப்பினேன்.

தண்ணீர்க் கணக்கு

வேட்டை மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் அதன் பல்லைப் பற்றி யோசிப்பார்கள், வாயைப் பற்றி யோசிப்பார்கள். பின்பக்கத்தைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. இவை தின்பது பெரும்பாலும் புரதம். புரதம் செரித்த பிறகு மிஞ்சுவது அமோனியா, அதில் பெரும்பங்கு செவுள் வழியாகவே தண்ணீரில் கலந்துவிடும். ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும், தொட்டியில் எங்கே போகும்? அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்க ஒரு கூட்டம் பாக்டீரியா வேண்டும், நைட்ரைட்டை அதைவிடச் சாதுவான நைட்ரேட்டாக்க இன்னொரு கூட்டம் வேண்டும். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டரின் ஸ்பாஞ்சில் வந்து குடியேறி முடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். நான் கொடுத்தது ஒரு ராத்திரி. சாயங்காலம் தண்ணீர் பிடித்து, மறுநாள் காலையில் மீனை விட்டேன். மூன்றாம் நாள் துரை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கினார். பசி போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன்.

எப்படியோ பிழைத்தார். ஒரு மாதம் தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன், பிழைத்தது அதனால்தான். அப்புறமாவது திருந்தினேனா என்றால், இல்லை. ஃபில்டர் ஸ்பாஞ்ச் அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்துப் புதுசு போல் கசக்கிப் பிழிந்து கழுவினேன். ரொம்பப் பெருமையாகக்கூட இருந்தது. குழாய்த் தண்ணீரின் குளோரின் மொத்தக் குடியிருப்பையும் காலி செய்துவிட்டது. மறுபடி அமோனியா, மறுபடி வாளி. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும், புதுசாகத் தெரியவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அந்த நாட்களில்தான் டெஸ்ட் கிட் வாங்கினேன். ஒரு குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால், மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் அமோனியா இருக்கிறது. பச்சை நிறத்தை அவ்வளவு வெறுத்த காலம் என் வாழ்க்கையில் வேறு இல்லை. யாராவது என்னிடம், வேட்டை மீன் வாங்குகிறேன், முதலில் என்ன வாங்கட்டும் என்று கேட்டால் டெஸ்ட் கிட் என்றுதான் சொல்கிறேன். முகம் சுருங்கிப்போய்விடுகிறது.

பெரிய தொட்டி வந்த பிறகு வாரத்துக்கு 40 சதவீதம் மாற்றினேன். 110 லிட்டர் சொச்சம். 15 லிட்டர் வாளியில் ஏழெட்டு நடை வெளியே, ஏழெட்டு நடை உள்ளே. நடுவில் வழுக்கி விழுந்த கதைகள் தனி. "ஏங்க, இதுக்கு ஒரு மாடு வளர்த்திருக்கலாம்" என்றாள் மனைவி. அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

துரை என்று பெயர் வைத்ததே அவர் குணத்தால்தான். நான் நட்ட செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மிதக்கவிட்டார். கற்களை வாயால் தள்ளித் தன் விருப்பப்படி அடுக்கினார். ஹீட்டரை ஒரு முறை உடம்பால் மோதி உடைத்தார் (அன்று நான் தொட்டிக்குள் கை விடவில்லை, அது அதிர்ஷ்டம். பெரிய மீன் வைத்திருந்தால் ஹீட்டருக்குக் கூண்டு போடுங்கள், சுத்தம் செய்யும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்). தொட்டியைச் சுத்தம் செய்தால் அவருக்குப் பிடிக்காது, ஒருக்களித்து அடியில் படுத்துவிடுவார். முதல் தடவை செத்துப்போய்விட்டது என்றே நினைத்து வலையை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தார். ஆஸ்கார் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கோபம் பழக்கமான விஷயம்தான். ஆளையும் தெரியும். என்னைக் கண்டால் கண்ணாடிக்கு ஓடிவருவார், புதியவர் வந்தால் பின்னால் ஒதுங்கி அளப்பார். பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சி வீழ்த்தும் வில்லாளி மீன்கள் மனித முகங்களைப் பிரித்தறியும் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016-இல் சோதனை செய்து காட்டினார்கள். ஆஸ்காருக்கு அப்படி ஏதும் சோதனை நடந்ததா என்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, துரை போதும்.

இன்னொன்று. துரையின் வால் அடியில் ஆரஞ்சு வளையம் போட்ட ஒரு கறுப்புப் பொட்டு, கண் மாதிரியே இருக்கும். அறிவியல் பெயரில் வருகிற ஓசெல்லாட்டஸ் என்பதும் அந்தக் கண்ணைத்தான் சொல்கிறது. அவர் ஊர் ஆற்றில் துடுப்பைக் கடித்துத் தின்னும் பிரன்ஹாக்கள் உண்டு. அவற்றுக்கு வால் எது தலை எது என்று குழப்பம் வரவே இந்தப் பொட்டு என்று விளக்கம் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் துரையின் வாயைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன். இந்தப் பொட்டைப் பற்றி அந்த ஒன்றரை வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் துரை வாழ்நாள் முழுக்க எதற்கோ பயந்த உடம்போடுதான் நீந்துகிறார் என்று சொன்னால் காட்சியின் சுவை குறைந்துவிடும் அல்லவா.

நாற்காலி

சரி, காட்சிக்கு வருவோம். இரைக்கென்று விற்கும் சின்னத் தங்கமீன்கள் உண்டு, இரண்டு மூன்று செ.மீ. அளவில், மொத்தமாகப் பையில் போட்டுத் தருவார்கள். அவற்றைப் பழைய 60 லிட்டர் தொட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஆள் வந்ததும் ஒன்றை வலையில் அள்ளித் துரையின் தொட்டியில் விடுவேன். துரை முதலில் அசைய மாட்டார். துடுப்பு மட்டும் விசிறும். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக நெருங்கி, திடீரென்று... அவ்வளவுதான். இத்தகைய மீன்கள் நாய் மாதிரி கவ்விக் கடிப்பதில்லை. வாயைச் சட்டென்று முன்னால் நீட்டித் திறக்கும்போது தொண்டைப் பகுதி விரிந்து, இரையும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே உறிஞ்சப்படும். கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். போன நொடி மீன் இருந்தது, இந்த நொடி இல்லை. ஒரு செதில் மட்டும் மினுங்கிக்கொண்டு கீழே இறங்கும். பார்க்கிறவர்கள் "ஆ" என்பார்கள். அந்த "ஆ" எனக்குப் பிடித்திருந்தது, இப்போது மறைத்து என்ன பயன்.

யாராவது பாவம் என்றால் என்னிடம் பதில் தயார். இயற்கை அப்படித்தான், காட்டில் புலி என்ன புல்லா தின்கிறது, நாம் மீன் குழம்பு சாப்பிடவில்லையா. எல்லாம் சரியான பேச்சுத்தான், மடக்க முடியாது. ஆனால் ஆற்றில் அந்தச் சின்ன மீனுக்கு வேர் இருக்கிறது, பாசி இருக்கிறது, கலங்கல் இருக்கிறது, கூட நூறு மீன் இருக்கிறது. ஆற்று ஆஸ்கார் பல தடவை தவறவிட்டு, பூச்சியும் நத்தையும் இறாலுமாகக் கிடைத்ததைத் தின்றுதான் காலம் தள்ளுகிறது. என் தொட்டியில் ஒரு செடி கிடையாது, எல்லாவற்றையும் துரை பிடுங்கியாயிற்று. நாலு பக்கமும் கண்ணாடி, மேலே விளக்கு, எதிரே நாற்காலி. இதைத்தான் நான் இயற்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று நண்பன் வந்தது இரவு ஒன்பது மணிக்கு மேல். துரைக்குச் சாயங்காலமே வயிறு நிறையப் போட்டிருந்தேன், அதை அவனிடம் சொல்லவில்லை. போனை எடுத்து வீடியோ பிடிக்க உட்கார்ந்தான். முதல் மீனை விட்டேன், துரை எடுத்துக்கொண்டார், ஆனால் அவன் போனைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் முடிந்துபோனது. இரண்டாவதை விட்டேன், குறுக்கே என் கை வந்துவிட்டது. அவன் வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான்: "டேய், சரியா விழல. இன்னொண்ணு போடு."

போட்டேன்.

துரை அதை எடுத்தார். விழுங்கவில்லை. கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்துவிட்டுத் துப்பினார். அந்த மீன் வாலில் பாதி கிழிந்து, சாய்ந்தபடி கீழே இறங்கியது. துரை பின்னாலேயே போய் மறுபடி எடுத்தார், மறுபடி துப்பினார். அப்புறம் திரும்பித் தன் மூலைக்குப் போய்விட்டார். "சூப்பர்டா, இது நல்லா விழுந்துடுச்சு" என்று நண்பன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஒரு மீன் செத்ததால் தூக்கம் போயிற்று என்று சொன்னால் பொய். அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன், நன்றாகத்தான் தூங்கினேன். துரைக்குப் போதும் என்பது துரைக்குத் தெரிந்திருந்தது, அதுதான் உறுத்தியது. கொடூரமான வேட்டைக்காரன் என்று நான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த பிராணி வேண்டாம் என்று வாயிலிருந்து எடுத்துத் துப்பிவிட்டு ஒதுங்கிவிட்டது. வீடியோ சரியாக விழவில்லை என்பதற்காக மீனை அள்ளிப் போட்டது நான். அவன் சொன்னதும் ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. அந்த வலை தானாக என் கைக்கு வந்த மாதிரி இருந்தது.

வெண்புள்ளி

காலையில் எழுந்து பார்த்தால் அது உயிரோடு இருக்கிறது. ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, அதற்குள் தலையைக் கீழே வைத்து நின்றுகொண்டிருந்தது. அந்தத் தொட்டியில் ஒளிவதற்கு இருந்த ஒரே இடம் அதுதான், நானும் துரையும் கவனிக்காமல் விட்ட இடம். எடுத்து வேறு தொட்டியில் விடலாம் என்று தோன்றியது, பிறகு, நேற்று வரை தீனி, இன்று மட்டும் என்ன என்றும் தோன்றியது. ஒன்றும் செய்யாமல் நாலைந்து நாள் கடத்தினேன். தினமும் காலையில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் நடந்தது.

ஐந்தாம் நாள் துரை கல்லில் உடம்பை உரசிக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன், துடுப்பெல்லாம் உப்பு தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். வெண்புள்ளி நோய், ஒரு ஒட்டுண்ணி. இரை மீன்களோடு வந்திருக்கும். இரைக்கென்று வளர்க்கிற மீன்களை யாரும் பார்த்துப் பார்த்து வளர்ப்பதில்லை, நெருக்கியடித்துப் போட்டிருப்பார்கள், அதில் இல்லாத நோய் இருக்காது. நானோ ஒன்றரை வருடமாக வாரந்தவறாமல் அதை வீட்டுக்கு அழைத்துவந்து துரையின் வாயிலேயே வைத்திருக்கிறேன்.

இந்த ஒட்டுண்ணியின் கெட்டிக்காரத்தனம், மீனின் தோலுக்கு அடியில் இருக்கும் வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று பெருத்துக் கீழே விழுந்து, தரையில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் அடுத்த மீனைத் தேடி நீந்துகிற ஒன்றிரண்டு நாளில்தான் கொல்ல முடியும். புள்ளி மறைந்துவிட்டதே என்று வைத்தியத்தை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். சூட்டைக் கூட்டினால் இந்தச் சுற்று சீக்கிரம் ஓடும். நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை ஏற்றினேன், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் கூடவே ஏர் பம்ப், அளந்து கரைத்த உப்பு. இரண்டு வாரம். அந்தச் சூடு தங்கமீனுக்கு ஆகாது, ஆகவே வால் கிழிந்ததை அன்றே பழைய தொட்டிக்கு மாற்றி, அங்கேயும் உப்புப் போட்டேன். வலையில் வந்த இரைக்குத் தனி வார்டு வைத்து வைத்தியம் பார்த்த ஆள் என்னைத் தவிர எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. மனைவி கேட்டாள், "இதைக் காப்பாத்தி மறுபடி அதுக்கே போடப் போறீங்களா?" பதில் சொல்லாமல் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வாரத்தில்தான், வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டியதை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். தங்கமீனின் உடலில் தயமினேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். தங்கமீனையே தொடர்ந்து தின்று வரும் மீனுக்கு அந்த வைட்டமின் பற்றாக்குறை வந்து நரம்பு பாதிக்கும். ஆட்டு, மாட்டு இறைச்சியின் கொழுப்பும் மீனின் ஈரலுக்குச் சரிப்படாது. அதாவது நான் இயற்கை உணவு என்று போட்டது நோயும் வைட்டமின் பற்றாக்குறையும் கலந்த ஒன்று. உயிர் உணவுதான் வேண்டும் என்கிறவர்களுக்கு மண்புழு நல்லது, மருந்து தெளிக்காத மண்ணில் எடுத்ததாக இருந்தால். அல்லது வீட்டிலேயே வளர்த்த சின்ன மீன்கள், நோய் வராமல் சில வாரம் தனியே வைத்துப் பார்த்தவை. வளர்ந்த மீனுக்குத் தினமும் வயிறு முட்டப் போட வேண்டியதே இல்லை, வாரத்துக்கு மூன்று நான்கு வேளை போதும். மீன் கண்ணாடிக்கு வந்து கெஞ்சுவது பசியால் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். துரை என் கையில் டார்ச் இருந்தாலும் கெஞ்சுவார்.

பதினொரு நாள்

புள்ளிகள் போன பிறகு பெல்லட்டுக்கு, அதாவது டப்பாவில் விற்கும் உலர்ந்த உருண்டைத் தீனிக்கு, மாற்ற முடிவு செய்தேன். துரை முதல் உருண்டையை எடுத்தார், மென்றார், செவுள் வழியாகத் தூளாக வெளியே விட்டார். இரண்டாம் நாள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாளிலிருந்து பார்க்கவே இல்லை. ஆரோக்கியமான பெரிய ஆஸ்கார் இரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று தெரியும், ஆனால் நோயில் கிடந்து எழுந்தவர் ஆயிற்றே. தினமும் காலையில் நாலு உருண்டை போடுவேன், பத்து நிமிடம் கழித்து அப்படியே வலையில் எடுத்துவிடுவேன். அவர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். ஏழாம் நாள் எனக்கே தாங்கவில்லை. பக்கத்துத் தொட்டியில் கையெட்டும் தூரத்தில் வால் கிழிந்தது நீந்திக்கொண்டிருக்கிறது, வலையும் அங்கேதான் தொங்குகிறது. வலையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய தொட்டி முன்னால் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். திரும்பிவந்து அதைப் பரண்மேல் போட்டேன். பதினோராம் நாள் காலை, மிதந்த உருண்டை ஒன்று "டப்" என்ற சத்தத்தோடு காணாமல் போனது. இரண்டாவதும் போனது. நாலையும் தின்றுவிட்டு இன்னும் ஏன் போடவில்லை என்கிற மாதிரி கண்ணாடிக்கு வந்தார்.

இதை ஏதோ அகிம்சைக்கு மாறிய கதை மாதிரி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெல்லட் டப்பாவைத் திருப்பினால் முதல் வரியில் மீன் தூள் என்றுதான் இருக்கிறது. எங்கோ கடலில் அள்ளி, காயவைத்து, அரைத்த மீன். உயிர்க்கணக்குப் போட்டால் நான் ஒன்றும் மிச்சம் பிடிக்கவில்லை, நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். நான் விட்டது பார்ப்பதை மட்டும்தான். நாற்காலியை எடுத்துச் சாப்பாட்டு மேஜைக்குப் போட்டுவிட்டேன். ஆட்கள் வருவது கொஞ்சம் குறைந்தது, வந்தவர்களும் "இவ்வளவுதானா?" என்ற முகத்தோடு போனார்கள். எனக்கும் அந்த முகம் வந்தது, சில வாரங்களுக்கு.

இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாராவது வந்து கேட்டால் நான் வெட்டெனச் சொல்வது இதுதான்: சிவப்புவால் கெளுத்தி வேண்டாம். கடையில் விரலளவு இருக்கும், அது ஒரு மீட்டரைத் தாண்டும். வெள்ளி அரோவானாவும் கிட்டத்தட்ட 90 செ.மீ. வரும், மூடி கனமாக இல்லாவிட்டால் இரவில் எகிறித் தரையில் கிடக்கும். ஆசிய அரோவானாவை யாரும் சும்மா விற்க முடியாது, அருகி வரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 1975-இலிருந்தே இருக்கிறது, பதிவு பெற்ற பண்ணை மீனாக இருக்க வேண்டும், அதற்குக் காகிதம் இருக்க வேண்டும். முதலைமூக்கு மீன் என்று அலிகேட்டர் கார் என்ற மீனின் குஞ்சுகளைக் கொடுப்பார்கள், இரண்டு மீட்டர் போகிற பிராணி அது. பிரன்ஹா வாங்கியவர்கள் சொல்லும் புகார் வேறு: விளக்கைப் போட்டால் எல்லாம் மூலையில் போய் ஒண்டிக்கொள்கின்றன என்று. எந்த வேட்டை மீனோடும் எதைச் சேர்த்து விடலாம் என்பதற்கு ஒரே அளவுகோல் வாய், உள்ளே போகிற அளவில் இருந்தால் ஒரு நாள் போய்விடும். சாது என்று எல்லோரும் நம்புகிற ஏஞ்சல் மீன்கூட வளர்ந்ததும் நியான் டெட்ரா என்ற சின்ன மீன்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

வேட்டையாடுவதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் சின்ன உருவத்திலேயே அது இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழும் குட்டிப் பேத்தை மீன், முழு வளர்ச்சியில் 3 செ.மீ. வருமா வராதா, நத்தையைக் கண்டால் ஹெலிகாப்டர் மாதிரி நின்று கண்ணை உருட்டிக் குறிபார்க்கும் அழகு துரைக்குக்கூட வராது. ஆனால் அதுவும் ஆற்றிலிருந்து அளவில்லாமல் பிடிக்கப்பட்டு அருகி வருகிற இனம், தொட்டியில் பிறந்ததாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதற்கும் தண்ணீர் முதலில் தயாராக வேண்டும்.

அப்புறம், வளர்ந்து பெரிதான மீனை ஏரியில் விடாதீர்கள். துரையின் உறவுக்காரர்கள் மனிதர்கள் கொண்டுவந்து விட்டதால்தான் அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கால்வாய்களில் குடும்பம் நடத்துகிறார்கள். மேரிலாந்தில் ஒருவர் வீட்டில் வைத்திருந்த இரண்டு விரால் இன மீன்களைக் குளத்தில் விட்டு, 2002-இல் அவை குஞ்சு பொரித்துப் பெருகியிருப்பது தெரிந்து, மொத்தக் குளத்துக்கும் மருந்து போட்டார்கள். விட்டவர் இரக்கப்பட்டுத்தான் விட்டிருப்பார்.

துரைக்கு இப்போது ஐந்து வயதுக்கு மேல் ஆகிறது, 31 செ.மீ., பெல்லட்டும் வாரம் ஒரு நாள் மண்புழுவும். வால் கிழிந்ததற்கு வால் முழுக்க முளைத்துவிட்டது, ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன வளைவு. துரையின் வாய் அளவு என்று நான் வாங்கிய அந்தத் தங்கமீன் இப்போது 17 செ.மீ., அதற்கே 150 லிட்டர் தொட்டி தனியாக வாங்க வேண்டியதாயிற்று, வாளி நடைகளும் கூடிவிட்டன. தங்கமீன் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது வருடம்கூட இருக்கும், துரையைவிட நாள் கூடவே. பெயர் எதுவும் வைக்கவில்லை.

போன வாரம் வெளியே மழைத் தண்ணீர் நின்ற வாளியில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. கொட்டப் போனவன் ஒரு கரண்டி எடுத்துத் தங்கமீன் தொட்டியில் ஊற்றினேன். அது ஒரு நொடி அசையாமல் நின்றது, துடுப்பு மட்டும் விசிறியது. பிறகு ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்தது, மேலே, கீழே, கண்ணாடி ஓரத்தில், ஒன்றைக்கூட விடவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றினேன். மூன்றாவது எடுக்கப் போகும்போது மனைவி உள்ளேயிருந்து, "ஏங்க, இங்கே இருந்த நாற்காலி எங்கே?" என்றாள். அதில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.